பிள்ளை கைக்கு வரும் பழைய எஸ்யூவி

அப்பா ஓட்டிய எஸ்யூவி, 'பி' உரிமம் எடுத்த பிள்ளையின் கைக்கு வருகிறது. பிள்ளைக்கு ஸ்போர்ட் ரிம் மீது ஆசை. ஆனால், பெற்றோரே, முதல் வெள்ளி டயருக்கும் பிரேக்குக்கும்தான் போக வேண்டும்.

எஸ்யூவி உயரமானது. வளைவில் சட்டெனத் திருப்பினால் சிறிய காரைவிட எளிதில் கவிழும். அதை மேலும் உயர்த்துவது ஆபத்தையும் உயர்த்தும்.

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால், 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கேமரன் மலை இறக்கத்தில் அது கொதித்தால் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

'பி' காலமும் இரண்டு ஆண்டுதான். பிள்ளை அதைப் பத்திரமாகக் கடக்கட்டும், ரிம் காத்திருக்கும்.