எழுபது வளைவுகளும் ஒரு முழங்காலும்

காரவள்ளி அடிவாரத்தில் டீக்கடைக்காரர் என் சைக்கிளில் தொங்கிய பைகளைப் பார்த்தார். "இதோட மேல ஏறப் போறீங்களா சார்?" என்றார். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்தைப் பாட்டு முணுமுணுத்தபடியே ஏறினேன். இருபதைத் தாண்டியதும் வலது முட்டிச் சில்லுக்கு அடியில் சுருக்கென்று குத்தியது. தப்பு என்மேல்தான். சமதளத்தில் மிதிக்கிற அதே கனமான கியரில் எம்பி எம்பி மிதித்திருக்கிறேன்.

முட்டி ஏன் குத்துகிறது?

கனமான கியரில் மெதுவாக மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சில்லு தொடை எலும்பின்மேல் பலமாக அழுந்துகிறது. பையில் 15 கிலோ இருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். ஏற்றம் வருமுன்பே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். நிமிடத்துக்கு 60, 70 முறையாவது கால் சுழல வேண்டும்.

சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி.

இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்விளிம்புதான் செங்குத்து; நாம் ஓட்ட வேண்டியதும் அந்த ஓரத்தில்தான். அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வியர்வை உலராத ஏற்றம்

தசை செலவிடும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. சமதளத்தில் எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். மலையில் வேகம் மணிக்கு 6, 7 கிலோமீட்டருக்கு இறங்கியதும் வியர்வை சொட்டுமே தவிர உலராது. அதனால் பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்குவது நல்லது.

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரலாம். உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் இரண்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள்

தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் கையிருப்பு, கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். கை நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், கால் கட்டையாகிவிடும். அரை மணிக்கு ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ போதும். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். கொல்லிமலை அவ்வளவு உயரமில்லை. ஆகவே இங்கே மூச்சு முட்டினால் பழியை உயரத்தின்மேல் போட முடியாது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சை அழுத்தினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கூட வருபவர் பேச்சுக் குழறித் தடுமாறினால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் கடைசிப் பல வளைவுகளைத் தள்ளிக்கொண்டேதான் மலைமேல் இருக்கும் சோளக்காடு சேர்ந்தேன். இறங்கியது பஸ்ஸில். இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு அளந்து பார்த்தபோது சீட் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது.