மழைக்கால விருந்தாளி மரவட்டை

கிளி வளர்ப்போர் உண்டு. புறா வளர்ப்போர் உண்டு. கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போரும் உண்டு. மரவட்டை வளர்ப்போரும் உண்டென்று கூறினால், நம் வீட்டுப் பெரியோர் முகஞ் சுளிப்பர். எனினும் மேலைநாடுகளிற் பல இல்லங்களில் இப்பிராணி செல்லமாக வளர்க்கப்படுகின்றது. ஓர் அடிக்கு மேலும் வளரவல்ல ஆபிரிக்க மரவட்டையைச் சிறுவர்கள் உள்ளங்கையில் ஏந்தி மகிழ்கின்றனர். நமது தீவகத்திலோ அதைத் தேடி எங்கும் செல்லவேண்டியதில்லை. சோளகம் அடங்கி, வாடை பிறந்து, ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும், நெடுந்தீவின் பவளக்கல் மதிலடியிலும், ஊர்காவற்றுறையின் பூவரச வேலியடியிலும், நயினாதீவின் பனங்கூடல்களிலும் அது தானாகவே வெளிப்படுகின்றது. நாம் அதற்களிக்கும் வரவேற்போ தும்புத்தடி!

பூரான் அன்று

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடுவோம். நம்மவர் மட்டத்தேள் என்று கூறும் பூரான் வேறு; மரவட்டை வேறு. பூரானின் உடற்கணு ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடிக் கால்களே உள்ளன. அது விரைந்தோடி இரையைப் பிடித்துக் கடிக்கும். அதற்கு நஞ்சும் உண்டு. மரவட்டைக்கோ பெரும்பாலான கணுக்களில் இரண்டு சோடிக் கால்கள். அது மெல்ல நடக்கும், உக்கிய இலையையும் மரத்தையும் உண்ணும், கடித்து நஞ்சூட்டாது. தொட்டாற் சுருண்டு கொள்வதே அதன் வீரம்.

எனினும் அதனிடம் ஒரு படைக்கலம் உண்டு. அச்சமுற்றால் உடலின் பக்கங்களிலிருந்து நெடி மிக்க ஒரு நீரைக் கசியவிடும். அது தோலிற் பட்டால் கபில நிறக் கறை படியும். சிலருக்கு எரிச்சலும் உண்டாகும். கண்ணிற் பட்டாலோ துன்பம் பெரிது. ஆகவே மரவட்டையைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவும்வரை கண்ணைக் கசக்கலாகாது. தவறிக் கண்ணிற் பட்டுவிட்டால், தூய நீரால் நெடுநேரம் கழுவித் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும். தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டிலே ஒருவகைக் குரங்குகள் இந்நீரையே தம் உரோமத்திற் பூசிக் கொசுக்களை விரட்டுகின்றன. குரங்கின் வைத்தியம் குரங்குக்கே ஆகட்டும்; நாம் அதைப் பின்பற்றவேண்டாம்.

வீடு அமைத்தல்

அகன்ற வாயுடைய கண்ணாடித் தொட்டியோ மண்சட்டியோ போதுமானது. அடியிலே, வளர்க்கும் மரவட்டையின் நீளத்திற்குக் குறையாத ஆழத்திற்கு, உக்கிய இலையும் மரத்தூளும் கலந்த மண்ணைப் பரப்புக. வெறும் மணல் உதவாது. மேலே காய்ந்த பூவரசஞ் சருகையும், உக்கிய மரத்துண்டு ஒன்றையும் இடுக. இவையே அதன் கூரை. இவையே அதன் உணவு. பூச்சிகளை விரட்ட நாம் பயன்படுத்தும் வேப்பிலையைத் தவிர்ப்பது நன்று. மருந்து தெளித்த புகையிலைத் தோட்டத்து மண்ணையோ சருகையோ ஒருபோதும் எடுக்கவேண்டாம். வாயை மெல்லிய வலைத்துணியாற் கட்டி, வெயில் படாத விறாந்தை மூலையில் வைக்குக.

எறும்பு பெரும்பகை. நம் பாட்டிமார் சோற்றுப் பானையைக் காக்கச் செய்த உபாயமே இங்கும் உதவும்: அகன்ற தட்டில் நீர் ஊற்றி, அதன் நடுவே கல் வைத்து, கல்லின்மேற் சட்டியை வைத்தால் எறும்பு அணுகாது.

மரவட்டையின் தோல் உடலின் ஈரத்தைக் காக்க வல்லதன்று. ஆகவே மண் எப்போதும் ஈரலிப்பாயிருத்தல் வேண்டும். ஆனால் நீர் தேங்கினால், உடலிலுள்ள நுண்துளைகளால் மூச்சுவிடும் அப்பிராணி மூழ்கி இறந்துவிடும். தீவகத்துக் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள் என்பதை நாம் அறிவோம். அந்நீரை நாள்தோறும் தெளித்தால் உப்பு மண்ணிலே தங்கிவிடும். பிடித்து வைத்த மழைநீரே சிறந்தது.

வெள்ளரி, பூசணி, மாம்பழத் தோல் ஆகியவற்றில் ஒரு சிறு துண்டை வாரம் இருமுறை இடலாம். மறுநாளே எஞ்சியதை அகற்றிவிடுக. இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.

சுண்ணாம்பும் தோலுரித்தலும்

மரவட்டையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் உறுதிபெறுவது. மேலைநாட்டார் இதற்காகக் கணவாய் ஓட்டைக் கடையில் வாங்கித் தூளாக்கி இடுகின்றனர். நமக்கோ கடற்கரையே கடை! ஒதுங்கிய சிப்பியையும் கணவாய் ஓட்டையும் நன்னீரில் ஊறவைத்து, உப்பு நீங்கக் கழுவி, இடித்துத் தூவினாற் போதும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குப் பொதுவாக மூன்று சோடிக் கால்களே இருக்கும். ஒவ்வொருமுறை தோலுரிக்கும்போதும் புதிய கணுக்களும் கால்களும் கூடும். ஆயினும் ஆயிரங் கால் என்பது நெடுங்காலம் பேச்சளவிலேயே இருந்தது. அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில், நிலத்தின்கீழ் ஏறத்தாழ 60 மீற்றர் ஆழத்திற் கிடைத்து, 2021ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஓர் இனமே 1306 கால்களுடன் அப்பெயரை மெய்ப்பித்தது.

தோலுரிக்கும் காலத்தில் மரவட்டை மண்ணுக்குள் அறை அமைத்துப் பல நாட்கள், சிலவேளை பல வாரங்கள், மறைந்திருக்கும். இறந்துவிட்டதென்று எண்ணித் தோண்டலாகாது. அப்போது அதன் உடல் மிக மென்மையானது. உரித்த தோலைத் தானே உண்டு, இழந்த சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்பிக்க இதனினும் நல்ல ஆசிரியர் வேண்டுமோ!

எல்லை அறிந்து வளர்ப்போம்

ஒன்றிரண்டுக்கு மேற் பிடிக்கவேண்டாம். சொந்த வளவிலேயே தேடுக. நெடுந்தீவில் 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட நிலப்பகுதியில் எவ்வுயிரையும் பிடிக்கச் சட்டம் இடந்தராது. வெளிநாட்டு மரவட்டையைத் தருவிக்கவும் எண்ணலாகாது. 1900ஆம் ஆண்டளவில் இத்தீவினுட் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க நத்தை, இன்றும் தோட்டக்காரரை வருத்துகின்றதன்றோ?

நமது தீவுகளின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன்மேலுள்ள மண், பல இடங்களில் மெல்லிய போர்வையே. பூவரசங்குழையை மண்ணில் தாழ்த்தி அப்போர்வையை வளப்படுத்தியவர்கள் நம் முன்னோர். அக்குழையை மண்ணாக்கும் கூலியில்லாத் தொழிலாளருள் மரவட்டையும் ஒன்று. மங்களூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருண்டையாகச் சுருளும் ஒருவகை மரவட்டைக்குத் தோட்டக் கழிவுகளை உணவாக இட்டு, அவை உரமாவதை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு வெளியிட்டுள்ளனர்.

ஆகவே, மழைக்காலம் முழுவதும் பார்த்து மகிழ்ந்தபின், பங்குனி வெயில் முற்றுமுன் உங்கள் விருந்தாளியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு முன்னதாக வீட்டாரிடம் ஒரு வேண்டுகோளும் விடுங்கள்: வளவின் ஒரு மூலைச் சருகையேனும் கூட்டிக் கொளுத்தாது விட்டுவைக்கும்படி. விடப்பட்ட மரவட்டை சென்றடைவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?