தானப் பத்திரத்தில் இடம்பெற வேண்டிய ஒரு வரி

முதிய பெற்றோர் தம் வீட்டைப் பிள்ளைகளுக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுப்பது நம் நாட்டில் இயல்பானதே. ஆனால், "அன்பின் காரணமாக" என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறும் அப்பத்திரங்களில் "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற வரி பெரும்பாலும் இருப்பதில்லை. பெற்ற பிள்ளையிடம் அதை எழுதிக் கேட்பதற்குக் கூச்சம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவு அந்த வரிக்கு மதிப்பளிக்கிறது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் தவறினால், 60 வயது நிறைந்த கொடையாளர், கோட்ட அளவில் அமைந்த பராமரிப்புத் தீர்ப்பாயத்தை அணுகி, அந்தத் தானம் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். நிபந்தனை இல்லையெனில் இப்பிரிவு பொருந்தாது என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், மகன் தனியே எழுதித் தந்த பராமரிப்பு உறுதிமொழியையும் கருத்தில் கொண்டு, தாய் அளித்த தானத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது.

உயில் வேறு வகை. அது எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். பொதுவாக இரு சாட்சிகள் தேவை, பதிவு கட்டாயமன்று. சொத்தை உடனே மாற்றும் தேவை இல்லாதோர்க்கு உயிலே மேல் என்பது எம் கருத்து. தானமே என முடிவு செய்தால், பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் முழுவதும் அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் செய்யுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், பத்திரத்தை ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டி, அந்த வரி உள்ளதா எனக் கேட்டறியலாம்.