எச்.ஐ.வி.யுடன் வாழ்பவரின் எதிர்ப்புச் சக்தி: காப்பது எது, குறைப்பது எது?



இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்று இதற்கு மருந்து இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் வீட்டாருக்குப் பயந்து மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்குபவர்கள் இன்றும் உண்டு. விருந்தாளி வந்தால் அன்றைய மாத்திரை தவறிவிடும். இதனால் அவர் உடலில் நடப்பதைக் குடும்பத்தார் அறிவது அவசியம்.

சி.டி.4 என்றால் என்ன?

நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை சி.டி.4. கிருமி நுழைந்தால் மற்றப் பாதுகாப்பு அணுக்களை ஏவுவது இதுதான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. இந்த அணுவுக்குள் புகுந்து பெருகி, அதை அழிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை. எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் வந்துவிடுவதில்லை.

எவை பாதிக்கின்றன?

மாத்திரை: அடிக்கடி தவறினால் கிருமி மீண்டும் பெருகும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறும். தாமதமாகத் தொடங்கினால் சி.டி.4 முழுமையாக மீளாமல் போகலாம். எனவே 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது.

காசநோய்: எச்.ஐ.வி. உள்ளவரை அதிகம் தாக்குவது இதுவே. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் பரிசோதியுங்கள். தடுப்பு மாத்திரையும் மையத்தில் உண்டு.

உணவு: முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் போதும். "பூரண குணம்" என்று விற்கும் லேகியத்தை நம்பி ஏ.ஆர்.டி.யை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. கால்சியம், இரும்புச் சத்து, வயிற்றெரிச்சல் மாத்திரைகள் சில மருந்துகளின் வேலையைக் குறைக்கும். சாப்பிடும் நேரத்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

புகையும் மதுவும்: பீடி, சிகரெட் நுரையீரலைக் கெடுத்துக் காசநோய்க்கு வழிவிடும். மது கல்லீரலைக் கெடுக்கும். மாத்திரையையும் மறக்கச் செய்யும்.

மனம்: ஒதுக்கப்பட்டவர் உண்பதில்லை, உறங்குவதில்லை, மையத்துக்குப் போவதும் இல்லை.

நோன்பு நாட்களில்

ரமலானில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தினம் ஒருவேளை மருந்து சாப்பிடுபவர் அதை இஃப்தாருக்குப் பின் மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்கலாம். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

குடும்பத்தாருக்கு

ஒரே சஹனில் உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. தொடர்ந்து மருந்து சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலமும் தொற்றுவதில்லை. ஒருவரது நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், அதற்காக அவரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்குவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஐயங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றிரவு அவரிடம் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேளுங்கள். ஒளித்துவைக்கும் அவசியம் அவருக்கு இல்லாமல் போகட்டும்.