ஒரு காரில் ஐந்து பேர், ஐந்து விதமான அட்டைகள்

உதைபந்தாட்டம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். யாழ். துரையப்பா விளையாட்டரங்கில் ஆட்டம் என்றால் சைக்கிள் பாரில் ஒருவர், கரியரில் ஒருவர் என ஏறிக்கொண்டு ஓடிய தலைமுறையின் பிள்ளைகள் அல்லவா! ஆனால் இங்கே பெரிய ஆட்டங்கள் பக்கத்து ஊரில் அல்ல, பக்கத்து நாட்டில் நடக்கின்றன. போய்வர சைக்கிள் போதாது. கையில் இருக்கும் அட்டை என்ன நிறம், அதில் என்ன எழுத்து என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவிசுக்கு வந்து இன்னும் கால் ஊன்றிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டி ஜேர்மனியில் நடந்தது. ஜூன் 14 முதல் ஜூலை 14 வரை 24 நாடுகள், 10 நகரங்கள், 51 ஆட்டங்கள். சுவிஸ் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் கொலோன் நகரில் ஆடியது. ஹங்கேரியை 3-1 என வென்று, ஸ்கொட்லாந்துடன் 1-1 எனச் சமநிலை கண்டது. பாசலிலிருந்து கொலோனுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். விடியற்காலை வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம். வேலையிடத்திலும் தொழிற்பாடசாலையிலும் இளைஞர்கள் ஒன்றுகூடி, 'எல்லோரும் ஒரு காரில் போவோம்' என்று பேசிக்கொள்வது இயல்பே.

அப்படியொரு காரைக் கற்பனை செய்து பாருங்கள். ஓட்டுபவர் சுவிஸ் பிரசை. பக்கத்தில் இருப்பவர் போர்த்துக்கல் கடவுச்சீட்டு உடையவர். பின்னால் மூவர். ஒருவர் கொசோவோவைச் சேர்ந்தவர், 'சி' அட்டைக்காரர். மற்ற இருவரும் எங்கள் பிள்ளைகள். ஒருவர் அகதியாக ஏற்கப்பட்டு 'பி' அட்டையும் நீல நிறப் பயண ஆவணமும் வைத்திருப்பவர். மற்றவர் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர், 'எவ்' அட்டைக்காரர். ஐவருக்கும் ஒரே வயது, ஒரே பகிடி, ஒரே சிவப்புச் சட்டை. சட்டத்தின் முன் மட்டும் ஐந்து விதமான ஆட்கள்!

முதல் மூவருக்கும் பெரிய சிக்கல் இல்லை. நீல ஆவணக்காரரும் போகலாம். அகதிகள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இன்றி ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போய்வர வழிசெய்யும் ஐரோப்பிய உடன்படிக்கை 1959ஆம் ஆண்டே ஸ்ட்ராஸ்பூர்க்கில் கைச்சாத்தானது. சுவிசும் ஜேர்மனியும் அதில் உள்ளன. 2008 டிசம்பர் 12 முதல் சுவிஸ் செங்கன் வலயத்திலும் இருப்பதால், செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் பயண ஆவணமும் உள்ளவர் அந்த வலயத்துள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை பயணிக்கலாம்.

'எவ்' அட்டைக்காரரின் நிலைதான் வேறு. அவர் எல்லை தாண்டுவதற்கு முன்கூட்டியே அதிகாரிகளின் அனுமதி பெறவேண்டும். அது இலகுவில் கிடைப்பதில்லை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அகதியாக ஏற்கப்பட்டும் 'எவ்' அட்டை வழங்கப்பட்டவர்கள் பயண ஆவணம் கோரலாம். ஆகவே உங்கள் அட்டை எந்த வகை என்பதை உங்கள் கன்ரோன் அலுவலகத்திலோ அகதிகளுக்கான சட்ட ஆலோசனை நிலையத்திலோ கேட்டுத் தெளிவது நல்லது. தஞ்ச விண்ணப்பம் விசாரணையில் உள்ள 'என்' அட்டைக்காரருக்கோ பொதுவாக இந்தப் பயணம் இல்லை.

'செங்கனுக்குள் ஆர் மறிக்கப்போகினம்?' என்று சிலர் சொல்வதுண்டு. மற்ற நாட்களில் எப்படியோ, போட்டிக் காலத்தில் மறிப்பார்கள். 2004இல் போர்த்துக்கல், 2006இல் ஜேர்மனி, 2008இல் ஒஸ்ரியா, 2012இல் போலந்து என, போட்டி நடத்திய நாடுகள் தற்காலிகமாக எல்லைச் சோதனையைக் கொண்டுவந்தன. 2024இலும் ஜேர்மனி தனது எல்லா எல்லைகளிலும் சோதனை வைத்தது. சுவிஸ் எல்லையிலோ அது 2023 அக்டோபரிலேயே தொடங்கியிருந்தது. பிடிபட்டால் பயணம் நிற்பதோடு போகாது. அனுமதி இல்லாதவரின் வழக்குக் கோப்பில் அது ஏறும். அவரை ஏற்றிச் சென்ற சாரதியிடமும் விசாரணை வரலாம். ஒரு தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு இது பெரிய விலை.

இதைவிட ஒரு கவலை எங்களுக்கு உண்டு. 'எவ்' அட்டை வைத்திருக்கும் எத்தனையோ இளைஞர்கள் தங்கள் நிலையைச் சிநேகிதர்களிடம் சொல்வதில்லை. கடைசி நேரத்தில் 'எனக்கு வேலை இருக்கு', 'அம்மாவுக்குச் சுகமில்லை' என்று சாட்டுச் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு முறை, மூன்று முறை இப்படி நடந்தால் நான்காம் முறை யாரும் கேட்கமாட்டார்கள். அவன் விலகிப் போகிறான் என்று மற்றவர்கள் எண்ணுவார்கள். அவனோ வீட்டில் தனியே இருந்து தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பான். அட்டை தராத தனிமையை மௌனம் தந்துவிடுகிறது.

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? ஸ்கொட்லாந்துக்கு எதிராகக் கொலோனில் கோல் அடித்த ஷகிரி கொசோவோவில் பிறந்து குழந்தையாக இங்கு வந்தவர். ஹங்கேரிக்கு எதிராக மூன்றாவது கோலைப் போட்ட எம்போலோ கமரூனில் பிறந்தவர். அட்டைகளின் கதை உங்கள் சிநேகிதர் பலரின் வீட்டிலும் இருக்கும். ஒருமுறை சொல்லிப் பாருங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'ஆரோடை போறாய், ஏன் போறாய்' என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் அல்லாதோருடன் போகிறான் என்பதற்காக மட்டும் மறிக்காதீர்கள். இந்த நாட்டில் அவனுக்கு வேலையும் வீடும் தேட உதவப்போவதும் அந்தச் சிநேகிதர்கள்தான். மறிப்பதற்குப் பதிலாக உடன் இருந்து ஆயத்தம் செய்யுங்கள்.

முதலில், ரிக்கற் வாங்குமுன் எல்லோருடைய அட்டைகளையும் மேசையில் வையுங்கள். எந்த அட்டைக்கு வாசல் ஒடுக்கமோ அதற்கேற்பத் திட்டம் போடுங்கள். இரண்டாவது, காலாவதித் திகதியைப் பாருங்கள். புதுப்பிக்க வாரக்கணக்கில் ஆகலாம். மூன்றாவது, மூலப் பத்திரங்களையே கொண்டுபோங்கள். போட்டோப் பிரதி எல்லையில் செல்லாது. நான்காவது, வெளிநாட்டில் வைத்தியச் செலவு உண்டா எனக் காப்புறுதி நிறுவனத்திடம் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பெற்றோர் ஒப்பமிட்ட கடிதமும் இருக்கட்டும்.

ரிக்கற் கிடைக்கவில்லையா? மனம் தளர வேண்டாம். 2024இல் போட்டி நடந்த நகரங்களில் பெருந்திரைகள் வைத்து இலவசமாகக் காட்டினார்கள். பெர்லினில் பிராண்டன்பேர்க் வாயிலின் முன்னேயே சனம் திரண்டது.

2028ஆம் ஆண்டுக் கிண்ணம் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் வழங்கப்பட்டுள்ளது. இரண்டும் செங்கனுக்கு வெளியே. 1959 உடன்படிக்கையை அகதிகள் விடயத்தில் பிரித்தானியா 2003இலும் அயர்லாந்து 2022இலும் இடைநிறுத்தின. அங்கே நீல ஆவணம் மட்டும் போதாது, விசா தேவை. போக நினைப்போர் மாதங்களுக்கு முன்பே அந்தந்தத் தூதரகத்தில் விசாரிக்கவேண்டும்.

எல்லோரும் போக முடியாவிட்டால், ஒரு ஆட்டத்தையாவது சுவிசிலேயே ஐவரும் சேர்ந்து பாருங்கள். அட்டைகள் காலத்தோடு மாறும், 'எவ்' 'பி' ஆகும், 'பி' 'சி' ஆகும். அதுவரை சிநேகிதம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கையில்தான் இருக்கிறது.