கிளாஸ் ஃபில்டு: இழை எந்தப் பக்கம் ஓடுகிறது?

செய்யாற்றங்கரை மாகறலில் இருந்து ஒரு பக்கம் போனால் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகள். இன்னொரு பக்கம் போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் வந்தது. இப்படிப்பட்ட ஆலைகளுக்குப் பாகம் செய்யும் மோல்டிங் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கிளாஸ் ஃபில்டு’.

அது என்னவென்று பார்க்க ஆலைக்குள் போக வேண்டியதில்லை. காரின் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பி.ஏ.66-ஜி.எஃப்.30 என்று பொறித்திருக்கும். பி.ஏ.66 என்பது நைலானின் ஒரு வகை, ஜி.எஃப். கண்ணாடி இழை, 30 என்பது எடையில் அதன் சதவீதம். நைலானைவிடக் கண்ணாடி இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் அந்த 30 சதவீதம், இடத்தைக் கணக்கிட்டால் ஆறில் ஒரு பங்குதான்.

அந்த ஆறில் ஒரு பங்கு செய்கிற வேலை பெரிது. வெறும் நைலான் 66இன் விறைப்பு சுமார் 3 கிகா பாஸ்கல். கண்ணாடி சேர்ந்ததும் 9, 10 வரை போகும். இழுத்தால் அறுபடும் அளவு 80 மெகா பாஸ்கலில் இருந்து 180க்கு மேல் ஏறும். பாரத்தோடு சூடேற்றினால் வெறும் நைலான் 75 டிகிரி வாக்கிலேயே வளையத் தொடங்கும். கண்ணாடி கலந்தது 250 டிகிரி வரை தாங்கும். கொதிக்கும் கூலன்ட் ஓடுகிற இடத்தில் அந்தத் தொட்டி நிற்பதன் ரகசியம் இதுதான். பதிலுக்கு ஒன்றை இழக்கிறோம்: நீட்சி. வெறும் நைலான் நன்றாக இழுபட்டுத்தான் அறும். கண்ணாடி கலந்தது 3 சதவீதம் நீண்டதும் பட்டென்று உடையும்.

ஓர் இழை சுமார் 10 மைக்ரான் தடிமன். தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அப்போதுதான் இழுத்த இழையின் பலமோ 3,000 மெகா பாஸ்கலுக்கு மேல். ஆனால் பாரம் நேராக இழைக்குப் போவதில்லை. நைலான் வாங்கி, ஒட்டியிருக்கும் பரப்பின் வழியாக இழைக்குக் கடத்துகிறது. அதற்காகவே இழைமேல் சிலேன் என்ற பூச்சு உண்டு. ஒட்டு சரியில்லாவிட்டால் இழை அறுபடாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். இழை மிகக் குட்டையாக இருந்தாலும் அதே கதைதான். மோல்டிங் எந்திரத்தின் பேரலுக்குள் ஸ்க்ரூ அரைக்கிற அரைப்பில், சில மில்லிமீட்டர் நீளமாகப் போன இழை, பாகத்தில் கால் மில்லிமீட்டர் வாக்கில்தான் மிஞ்சுகிறது.

பலரும் கோட்டை விடுவது திசையில். தறியில் பாவு நீளவாக்கில், ஊடை குறுக்குவாக்கில். எந்த நூல் எங்கே என்று நெசவாளர் தீர்மானிக்கிறார். மோல்டில் அதைத் தீர்மானிப்பது உருகின நைலானின் ஓட்டம். சுவரை ஒட்டிய தோல்பகுதியில் இழைகள் ஓட்டத்தோடு நீளவாக்கில் படுக்கும். நடுவில் பெரும்பாலும் குறுக்கே திரும்பிக்கொள்ளும். சோதனைக்கு வார்க்கும் பட்டைக்கு ஒரு முனையில்தான் கேட் (உருகினது நுழையும் வாய்) வைப்பார்கள். ஆகவே அதில் பெரும்பாலான இழைகள் இழுக்கும் திசையிலேயே கிடக்கும். டேட்டா ஷீட்டில் அச்சாகும் எண் அந்தப் பட்டையுடையது. நிஜப் பாகத்தைக் குறுக்குவாக்கில் வெட்டி இழுத்தால், அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும்.

இன்னும் மோசமான இடம் வெல்டு லைன். ஒரு துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த ஓட்டம் மறுபுறம் வந்து சேரும் கோடு அது. இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போவதில்லை, அதன் ஓரமாகவே படுத்துவிடும். அங்கே பாரத்தைத் தாங்குவது ஏறக்குறைய வெறும் நைலான்தான். போல்ட் துளையருகே உடைந்த பாகம் கையில் கிடைத்தால், நான் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான். கேட்டை இடம் மாற்றினால் கோடும் இடம் மாறும். பாரம் விழாத இடத்துக்கு அதைத் தள்ளுவதுதான் மோல்டை வடிவமைப்பவரின் சாமர்த்தியம். பாகம் ஆறும்போது ஏற்படும் சுருக்கமும் திசைக்குத் திசை மாறுவதால், தட்டையான பாகம் மோல்டை விட்டு வந்ததும் கோணிக்கொள்வதுண்டு.

அடுத்தது தண்ணீர். நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குருணையை ஹாப்பரில் போடுமுன் பல மணி நேரம் உலர்த்தாவிட்டால், உருகும்போதே மூலக்கூறுகள் அறுந்துபோகும். ஆனால் வார்த்த பிறகு மெல்லக் குடிக்கும் ஈரம் முழுக்கக் கெடுதல் என்று சொல்ல முடியாது. விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அடி தாங்கும் சக்தியோ கூடும். டேட்டா ஷீட்டில் ‘உலர்ந்த நிலை’, ‘ஈரம் ஏறிய நிலை’ என்று இரண்டு பத்திகள் இருக்கும். நம் ஊர்க் காற்றுக்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். பாகத்தை விற்க வருபவர் காட்டுவதென்னவோ முதலாவதை.

தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு செய்யும் எஃப்.ஆர்.பி.யோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதிலும் கண்ணாடி இழை உண்டு. ஆனால் அதன் ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. நைலானும் பாலிப்ரொப்பிலீனும் உருகும். அதனால் ரன்னரையும் (மோல்டுக்குப் போகும் வழியில் இறுகியதையும்) கழிவுப் பாகத்தையும் அரைத்துத் திரும்பச் சேர்க்கலாம். ஒவ்வொரு அரைப்பிலும் இழை இன்னும் குட்டையாகும். எடையில் 30 சதவீதம் அப்படியே இருக்கும், பலம் இறங்கிக்கொண்டே போகும். பாகத்தைச் சுட்டுச் சாம்பலை நிறுத்தால் கண்ணாடியின் அளவு தெரியுமே தவிர, இந்தக் குறை தெரியாது. சாம்பலில் மிஞ்சிய இழைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து நீளம் அளந்தால்தான் பிடிபடும்.