வாய்ப்பாட்டிலேயே பிழை இருந்தால்?

கணக்கின் விடை தவறிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டலை மறுபடி பார்க்கிறோம். கழித்தலை மறுபடி பார்க்கிறோம். வாய்ப்பாட்டுப் புத்தகமே தவறாக அச்சாகியிருக்குமோ என்று ஒருவரும் ஐயப்படுவதில்லை. ஆனால் 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கணினி உலகில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அதை எங்களுக்கு விளங்கிய மட்டில் இங்கே எழுதுகிறோம்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல். கெர்னல் என்றால் இயக்க அமைப்பின் உட்கரு. நினைவகம், செயலி, வட்டு யாவும் அதன் பொறுப்பு. வேறொரு நிரல் கெட்டால் அதை மட்டும் மூடிவிடலாம். கெர்னல் தடுமாறினால் கணினியே நின்றுவிடும்.

இந்தக் கெர்னலைப் பெரும்பாலும் சி மொழியில் எழுதுகிறார்கள். செயலிக்கோ சி மொழி தெரியாது. அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். லினக்ஸுக்கு நெடுங்காலமாக உதவி வருவது ஜி.சி.சி. என்னும் கம்பைலர். அது வரிக்கு வரி அப்படியே மாற்றுவதில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் அம்மா காய் நறுக்கி வைத்துக்கொள்வதைப் போல, வேலைகளின் வரிசையை மாற்றி நேரத்தை மிச்சப்படுத்தும். இதற்கு ஆப்டிமைசேஷன் என்று பெயர். வரிசை மாறலாம்; விடை மாறக் கூடாது. அதுதான் நிபந்தனை.

அந்த ஜூலையில் சிலருடைய கணினிகள் காரணமின்றி நின்றுபோயின. பல செயலிகளுக்கு வேலையைச் சமமாகப் பங்கிடும் பகுதியில்தான் பிழை தெரிந்தது. சி மொழியில் எழுதியிருந்ததில் குற்றமில்லை. ஆகவே கம்பைலர் உண்டாக்கிய இயந்திரக் கட்டளைகளையே டோர்வால்ட்ஸ் வரிவரியாகப் படித்தார். குற்றம் அங்கே இருந்தது.

அது என்ன குற்றம்? ஒரு வகுப்புக்கே பொதுவாக ஒரு ரஃப் நோட்டு இருப்பதாக எண்ணிக்கொள்வோம். எழுத வருகிறவள் தனக்கு வேண்டிய இடத்தை விட்டுக் கீழே ஒரு கோடு போட வேண்டும். பிறகே கோட்டுக்கு மேலே தன் கணக்கை எழுத வேண்டும். அவசரமாக வருகிற மற்றொருத்தி, கடைசிக் கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டுப் போவாள். செயலியில் இந்த நோட்டுக்கு ஸ்டாக் என்று பெயர். அவசரமாக வருகிறவள்தான் இன்டரப்ட். விசைப்பலகையை அழுத்தினாலும் வலையிலிருந்து செய்தி வந்தாலும் அவள் வந்து நிற்பாள்.

சாதாரண நிரல்களுக்கு ஒரு சலுகை உண்டு. 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் லினக்ஸின் கீழ் ஓடும் நிரல்கள், கோட்டுக்குக் கீழே 128 பைட் வரை கோடு போடாமலே எழுதலாம். கெர்னலுக்கு இச்சலுகை கிடையாது. அங்கே இன்டரப்டும் அதே நோட்டில்தான் எழுதும்.

ஜி.சி.சி. 4.9.0 செய்தது இதுதான்: வரிசையை மாற்றுகிறேன் என்று எண்ணை முதலில் எழுதிவிட்டுக் கோட்டைப் பிறகு போட்டது. இடையில் சில கட்டளை நேரந்தான். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த நொடிக்குள் இன்டரப்ட் வந்துவிட்டால் எண் அழிந்துவிடும். எப்போதோ ஒரு முறை வரும் பிழை எப்போதும் வரும் பிழையைவிடப் பொல்லாதது என்பது எங்கள் கருத்து. கூப்பிட்டால் வராதே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிழை தேடுவோருக்கு உதவியாக, எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று கம்பைலர் குறிப்பு எழுதி வைக்கும் வசதி ஒன்று உண்டு. குறிப்பு எழுதுவதால் கட்டளைகள் மாறக் கூடாது. ஆனால் அந்தக் குறிப்புகளே வரிசையைக் கெடுத்திருந்தன! பிழையைக் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாட்டிலிருந்தே பிழை பிறந்தது.

டோர்வால்ட்ஸ் கம்பைலரைக் கடுஞ்சொற்களால் ஏசினார். அவற்றை இந்த மலரில் அச்சிட முடியாது. (தம் கடுஞ்சொற்களுக்காக 2018-இல் அவரே மன்னிப்புக் கேட்டார்.) ஆயினும் ஏசியதோடு நிற்கவில்லை. பிழையை ஜி.சி.சி.யைப் பராமரிப்பவர்களுக்கும் முறைப்படி தெரிவித்தார்.

புதிய ஜி.சி.சி.யில் பிழை திருத்தப்பட்டிருந்தது. அது போதாதா? போதாது. உலகெங்கும் மக்கள் தங்களிடம் உள்ள பழைய கம்பைலரால்தான் கெர்னலைக் கட்டுவார்கள். ஆப்டிமைசேஷனை அடியோடு நிறுத்தவும் வழியில்லை. கெர்னல் அதை நம்பியே எழுதப்பட்டது. ஆகவே வேறொருவர் சொன்ன யோசனைப்படி, மதிப்புகளைப் பின்தொடரும் அந்த ஒரு வசதியை மட்டும் நிறுத்தும்படி கெர்னலின் கட்டுமானக் கோப்பில் ஒரு வரி சேர்த்தார்கள். கட்டளை சரியாக இருப்பதற்காகக் குறிப்புகள் சற்று மங்கலாவதை ஏற்றுக்கொண்டார்கள். குறிப்புகளோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் கட்டி, இரண்டும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி கிடைத்தது. கூட்டலைக் கீழிருந்து மேலாகவும் செய்து பார் என்று எங்கள் கணக்கு டீச்சர் சொல்வது நினைவுக்கு வருகிறது.

4.5 முதல் 4.9.1 வரையான ஜி.சி.சி.களில்தான் இக்கோளாறு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. எனினும் அந்த வரி ஆறு ஆண்டுகள் எல்லாக் கம்பைலர்களுக்கும் பொருந்துமாறே கிடந்தது. குற்றமற்ற புதியவையும் மங்கலான குறிப்புகளையே எழுதி வந்தன. 2020-இல்தான் ஒருவர் அதைக் கவனித்து, ஜி.சி.சி. 5-க்கு முந்தியவற்றுக்கு மட்டும் என்று மாற்றி எழுதினார்.

— பத்தாம் வகுப்பு மாணவி